குற்றாலத்தில் முழுகிய சம்பந்தம்

தியாகராய நகர், சென்னை-17
ஆனி மாதம், 1972

தென்காசி மைத்துனர் அய்யாதுரை அவர்களுக்கு, சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. அங்கே அனைவரும் சுகமாகவே இருப்பீர்கள். சம்பந்தம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்களுக்கு என்ன குறை? இங்கே நானும் உங்கள் அக்கா பேச்சியம்மாளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

என் மகள் ஜெயபாரதிக்கு வெள்ளைத்துரையைப் பேசியது நீங்கள். பையனுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, பெற்றோர் உங்கள் ஊர், தங்கமான இடம் என்றீர்கள். பெண்ணைக் குற்றாலத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பார்க்கலாம் என்று அவன் தாயார் சுந்தரவல்லி அம்மாள் சொன்னபோது தலையாட்டியதும் நீங்கள். வழியெல்லாம் அருவி, குகைக்கோயில், தங்குமிடம் அத்தனையும் இனாம் என்று ஆசைகாட்டி எழுதிவிட்டு, அன்றைக்கென்று பார்த்து மதுரைக்குப் போய்விட்டதும் நீங்கள்தான்.

பக்கத்து வீட்டு அக்பர் பாஷாவின் டாக்சியில் புறப்பட்டோம். நீங்கள் எழுதிய இனாம் மண்டபத்தில் எங்களுக்கு முன்பே ஆடுகள் வந்து இடம் பிடித்திருந்தன. அடுத்ததாக ஆற்றங்கரைத் தோப்பில் ஜமுக்காளத்தை விரித்தோம், மழை பிடித்துக்கொண்டது. குகைக்கோயிலுக்கு வெயிலில் மலையேறினால் கதவு பூட்டியிருக்கிறது. சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். முதல் அருவியில் பாறை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, தண்ணீர் இல்லை. காரின் குலுக்கலில் ஜெயபாரதிக்கு ஓயாத வாந்தி. நாரத்தங்காய் ஊறுகாயை வாயில் அடக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வேதனை.

குற்றாலத்தில் தண்ணீர் கொட்டியது. அதையாவது அனுபவிக்கலாம் என்றால், அவளுடைய மாற்றுத்துணிப் பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கட்டியிருந்த பட்டுச்சேலையை நனைக்க முடியாமல் அவள் மட்டும் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து சுந்தரவல்லி அம்மாள் உறவுக்காரப் பெண்கள் புடைசூழ வந்து, "என்ன அண்ணாச்சி, எல்லாரும் குளிக்கீங்க, புள்ள மட்டும் ஏன் ஒதுங்கி இருக்கா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் குரங்குக் கதையைச் சொல்லவா முடியும்? உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னேன்: "அவ முழுகாம இருக்காம்மா."

அருவிக்கரையில் நின்று சொன்னால் அதற்கு வேறென்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். அந்த அம்மாள் வாயைப் பிளந்தார். அக்பர் பாஷா உதவி செய்கிற நினைப்பில், "ஆமாம்மா, பாவம், மெட்ராஸ்லேர்ந்து ஒரே வாந்தி. ஊறுகாய்தான் துன்னுக்கினு வந்துச்சு" என்றார். ஈரத் தலையைத் துவட்டக்கூட நிற்காமல் அத்தனை பேரும் போய்விட்டார்கள். உங்கள் அக்கா தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது.

நல்ல இடம் கைநழுவிப் போயிற்று. அதுகூடப் போகட்டும், ஒரு பாவமும் அறியாத என் மகள் பெயர் தென்காசி முழுக்க நாறுகிறது. வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இதைக் கண்டவுடன் சுந்தரவல்லி அம்மாள் வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்ல வேண்டும். குரங்கிலிருந்து ஆரம்பிக்கவும்.

உங்கள் குழந்தைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், மலைப்பக்கம் போகாமல்.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் வெள்ளைத்துரை வாசலில் வந்து நிற்கிறான். ஊரிலிருந்து தகவல் வந்துவிட்டதாம். நான் குரங்கை ஆரம்பிப்பதற்குள், "மாமா, போட்டோவைப் பாத்த அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன். அம்மாவை நான் சமாளிச்சுக்கிடுதேன். குழந்தையும் வருதேன்னு அடையாறுல ரெண்டு ரூம் வீடா பாத்து வச்சிருக்கேன்" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உங்கள் அக்கா உட்கார வைத்து, எல்லாவற்றையும் விளக்கினாள். பையன் காதுவரை சிவந்துபோய், "அப்ப ஒரு ரூம் போதும், மாமா" என்றான். கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயபாரதி குரல் கேட்டது: "வேண்டாம்ப்பா, ரெண்டாவே இருக்கட்டும்னு சொல்லுங்க."