ஸ்வேல்: ஒரு சொல்லுக்கு உயிர் வந்த வரலாறு

உயிர் பிரிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் இரண்டே தரப்புக்கு உண்டு. ஒன்று, மருத்துவர்கள். மற்றொன்று, மகா ஆங்கில அகராதி அலுவலகம். இவர்களில் மருத்துவர்கள் பாவம். நாடி பிடித்துப் பார்த்தாக வேண்டும். அகராதி அலுவலகத்துக்கு அந்தச் சிரமம் கிடையாது. சம்பந்தப்பட்ட சொல்லை நேரில் சந்திக்காமலேயே, நாற்காலியை விட்டு எழாமலேயே, அது இறந்த ஆண்டு முதற்கொண்டு சொல்லிவிடும்.

திரு. ஹியூபர்ட் பென்னிஃபோல்ட் அந்த அலுவலகத்தில் எஸ் எழுத்துக்குத் துணைப் பதிப்பாசிரியர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் எஸ்ஸை விட்டு வெளியே வந்ததில்லை. விடுமுறைக்குக்கூட ஸ்காட்லாந்துக்குத்தான் போவார் என்று எதிர் மேசை டி எழுத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்தின் முறை மிக எளிது, மிக அழகு. நாடெங்கும் ஓய்வுபெற்ற பாதிரியார்களும், மழைக்குப் பயந்து வீட்டில் கிடக்கும் கர்னல்களும் புத்தகம் படிப்பார்கள். ஒரு சொல் கண்ணில் பட்டதும், அது வரும் வாக்கியத்தையும் நூலின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் உள்ளங்கையளவு சீட்டில் எழுதித் தபாலில் போடுவார்கள். சீட்டுகள் ஆண்டு வரிசையில் கட்டப்படும். முதல் சீட்டு, சொல்லின் பிறப்பு. கடைசிச் சீட்டுக்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் வேறு சீட்டு வராவிட்டால், கடைசிச் சீட்டே இறப்பு. சொல்லின் தலைமாட்டில் ஒரு சின்னக் குத்துவாள் குறி அச்சாகும். அதற்குப் பிறகும் அந்தச் சொல் எழுந்து நடமாடினால் அது விதிமீறல்.

'ஸ்வேல்' என்ற சொல்லுக்கும் அப்படித்தான் நடந்தது. ஸ்வேல் என்றால் எரித்தல். பழைய துறவிகளின் ஏடுகளில் அது ஊர்களை எரித்தது. பிறகு நரகத்தில் பாவிகளை எரித்தது. வயதான காலத்தில், மெழுகுவர்த்தி உருகி வழிவதைச் சொல்ல மட்டும் அதைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற தளபதி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல. பென்னிஃபோல்டிடம் அந்தச் சொல்லுக்கு மொத்தம் பதினொரு சீட்டுகள். கடைசிச் சீட்டு 1690, ஒரு பிரசங்கம். குத்துவாளை அவர் தன் கையாலேயே வைத்தார். அன்று அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

1932 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, டெவன் மாவட்டத்து மேட்டுப் புல்வெளிகளிலிருந்து திர்ஸா எண்டகாட் என்ற அம்மாள் இரண்டு ரயில் மாறி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அறுபது ஆடுகளும் ஆறடி உயரமும் உள்ள விதவை. பூட்ஸில் சொந்த ஊர் மண் அப்படியே இருந்தது.

"எங்க வார்த்தையக் கொன்னது யாரு?"

பென்னிஃபோல்ட் மரியாதையாக எழுந்தார். "எந்த வார்த்தைங்கம்மா? எஸ்ல மட்டும் நாலாயிரம் போயிருக்கு."

"ஸ்வேல்."

"ஓ, அதுவா! இயற்கை மரணம்மா. 1690-ல. பெரிசா கஷ்டப்படலை."

"போன பிப்ரவரில நான் ரெண்டு சரிவு ஸ்வேல் பண்ணேன் தம்பி. பொணமா வந்து தீக்குச்சி கிழிச்சுச்சு?"

பென்னிஃபோல்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. எது எப்படி நடக்கிறது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொண்டே இருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டார். திர்ஸா விளக்கினார்.

"மலையில முள்ளுப்பொதர் மண்டுது இல்லையா? பனிக்காலம் முடியறப்ப அடிமண்ணு ஈரமா இருக்கும், மேல சுள்ளி காஞ்சிருக்கும். அப்பத்தான் தீ வெக்கணும். காத்துக்கு எதிரா வெக்கணும். அப்பத்தான் தீ நடக்கும். காத்தோட வெச்சா ஓடும், அப்புறம் நாமளும் கூட ஓடணும். மேல இருக்கறது எரியும், வேரு பொழைச்சுக்கும். ஒரு மாசத்துல பச்சைப்புல்லு. குட்டி போட்ட ஆடு அதைத் தின்னாத்தான் மடியில பாலு வரும். இவ்வளவுதான் ஸ்வேல்."

"ஆஹா!" என்றார் பென்னிஃபோல்ட். உண்மையாகவே சொன்னார்.

"ஆஹா இருக்கட்டும். சாசனத்தக் கேளுங்க."

விவகாரம் இது. 1480-இல் எழுதிய சாசனத்தின்படி, ஊரார் மந்தைவெளியை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் 'ஸ்வேல்' செய்துகொள்ளலாம். இப்போது நிலத்துக்காரர் சர் லயனல் ட்ரெம்லெட்டுக்குப் புதர் வேண்டும். புதரில் பறவை தங்கும். பறவையை அவர் விருந்தாளிகள் சுடுவார்கள். அவருடைய வக்கீல் மாஜிஸ்திரேட் முன்னால் மகா அகராதியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, குத்துவாளைக் காட்டினார். இறந்துபோன சொல் உயிருள்ள உரிமையை எப்படித் தரும் என்று கேட்டார். மாஜிஸ்திரேட் நியாயவான். அகராதி அலுவலகத்திலிருந்து 'சொல் உயிரோடிருக்கிறது' என்று ஒரு கடிதம் கொண்டுவர மூன்று வாரம் கொடுத்திருந்தார். கடிதம் இல்லையென்றால் எரிப்பு இல்லை. எரிப்பு இல்லையென்றால் புல் இல்லை. புல் இல்லாத ஆட்டை ஏப்ரலில் கசாப்புக்காரரிடம்தான் ஓட்ட வேண்டும்.

"ஒரே ஒரு கடுதாசி, தம்பி. 'உசுரோட இருக்கு'ன்னு ரெண்டு வார்த்தை."

வியாழக்கிழமை என்பதால் பதிப்பாசிரியர் குழு கூடியிருந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் ஆம்ப்ரோஸ் குவில்லியம் திர்ஸாவுக்குத் தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பெரிய மனிதர்கள் மறுப்பதற்கு முன்னால் எப்போதும் தேநீர் கொடுப்பார்கள்.

"இந்தச் சொல்லை நீங்க எங்க பார்த்தீங்கம்மா?"

"பாக்கறதா? நாங்க பேசறோம்யா. ஊரே பேசுது. மலை மேலேந்து கத்திச் சொல்லுவோம்."

"பேச்சு." குவில்லியம் கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சு காத்தோட போயிடும்மா. பக்க எண் கிடையாது. அச்சுல ஏதாவது?"

"ஆட்டுக்காரங்க எதுக்குய்யா அச்சடிக்கணும்? ஆடு படிக்கவா?"

"அப்ப, அச்சடிக்கற அளவுக்கு யாரும் இதைப் பொருட்படுத்தலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"சாசனத்துல இருக்கே!"

"1480. அன்னிக்கு அது உயிரோட இருந்துதுன்னு நாங்க மறுக்கவே இல்லையே. நல்ல ஆரோக்கியமா இருந்துது."

"நான் சொல்றனே, காதுல விழலையா? ஸ்வேல். ஸ்வேல். ஸ்வேல்!"

குழுவினர் எட்டுப் பேரும் சங்கடத்தோடு கூரையைப் பார்த்தார்கள். இறந்தவர் பெயரைத் தேநீர் வேளையில் எடுப்பது அந்த ஊரில் நாகரிகமில்லை.

திர்ஸாவை வெளியே உட்கார வைத்தபின் பென்னிஃபோல்ட் தொண்டையைக் கனைத்தார். பத்தொன்பது ஆண்டுகளில் குழுவில் அவர் பேசியது அதுவே முதல் தடவை.

"எனக்கென்னவோ, அந்தம்மா சொல்றது நிஜம்னு தோணுதுங்க."

"தோணுதா?" என்றார் குவில்லியம் அன்பாக. "எந்த நூல்ல? எத்தனாம் பக்கம்?"

பென்னிஃபோல்ட் உட்கார்ந்துவிட்டார். கடிதத்தை எழுதும் பொறுப்பு, எஸ் அவருடையது என்பதால், அவருக்கே வந்தது. 'தங்கள் வருகைக்கு நன்றி. விரிவாக ஆராய்ந்ததில், மேற்படிச் சொல் 1690-க்குப் பின் உயிரோடிருந்ததற்குச் சான்று ஏதும் அலுவலகத்தின் கவனத்துக்கு வரவில்லை.' ஒரு சொல்கூடப் பொய்யில்லாத கடிதம். அதைக் கொடுக்கும்போது மட்டும் அவர் திர்ஸாவின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார்.

திர்ஸா அங்கேயே பிரித்துப் படித்தார். "ஒரு மணி நேரம் முன்னாடி ஆஹான்னீங்களே தம்பி?"

"அது... பேச்சுங்கம்மா" என்றார் பென்னிஃபோல்ட்.

மாஜிஸ்திரேட் கடிதத்தைப் பார்த்தார், தீர்ப்பளித்தார், மதிய உணவுக்குப் போனார். அத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால் மேதைகளின் முறையில் உள்ள அழகே, அது தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் என்பதுதான்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், டெவனில் மழைக்குப் பயந்து வீட்டில் கிடந்த ஒரு கர்னலிடமிருந்து தபால் வந்தது. பென்னிஃபோல்ட் பிரித்தார். உள்ளே ஒரு சீட்டு. '1932, உள்ளூர் வாரப் பத்திரிகை, பக்கம் 3. மாஜிஸ்திரேட் தீர்ப்பு: இனி எவரும் மேற்படி நிலத்தில் ஸ்வேல் செய்யலாகாது.'

அச்சு! ஆண்டு! பக்க எண்!

பென்னிஃபோல்ட் மாடிப்படியில் ஓடினார். அந்த மாடிப்படியில் அதற்கு முன் யாரும் ஓடியதில்லை. குவில்லியம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; கண் கலங்கியது. இருநூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சொல் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஷெர்ரி மது வரவழைக்கப்பட்டது. டி எழுத்துக்காரர்கள்கூட வந்து கைகுலுக்கினார்கள்.

"அப்ப, அந்தத் தீர்ப்பு...?" என்று ஆரம்பித்தார் பென்னிஃபோல்ட்.

"அருமையான தீர்ப்பு" என்றார் குவில்லியம். "சொல்லோட பொருள் எவ்வளவு தெளிவா வருது பாருங்க! இதைத் தப்புன்னு யாராவது ரத்து பண்ணிட்டா நம்ம சான்று போயிடும். யாருக்கும் எழுதிக்கிட்டு இருக்காதீங்க."

அடுத்த வாரம் இரண்டாவது சீட்டு வந்தது. கர்னல் சுறுசுறுப்பானவர். 'விதவை எண்டகாட் கைது. மந்தைவெளியின் கிழக்குச் சரிவை ஸ்வேல் செய்த குற்றம்.' திர்ஸாவும் அக்கம்பக்கத்தாரும் தடையை மீறித் தீ வைத்திருந்தார்கள். மேற்குச் சரிவுக்குப் போவதற்குள் காவலர் வந்துவிட்டார். கூட இருந்தது யார் என்று கேட்டதற்குத் திர்ஸா தன் பெயரை மட்டும் ஆறு தடவை சொல்லியிருந்தார். மார்ச் தொடக்கத்தில் மூன்றாவது சீட்டு: 'ஸ்வேல் செய்ததற்குப் பதினாலு நாள் சிறை.'

மூன்று சான்றுகள்! எஸ் பகுதியில் அவ்வளவு ஆரோக்கியமான சொல் அப்போது வேறில்லை. குழு ஒருமனதாகக் குத்துவாளை நீக்கியது. திருத்திய பதிவு அச்சுக்குப் போயிற்று: 'ஸ்வேல்: புதரை எரித்தல். இன்றும் வழக்கில் உள்ளது.'

குவில்லியம் பென்னிஃபோல்டைத் தனியாக அழைத்தார். "நீங்களே சிறைக்குப் போய் அந்தம்மாவுக்கு நம்ம நன்றியத் தெரிவிச்சுடுங்க. அப்படியே இன்னொண்ணு. அந்த ஊர்ல இன்னும் என்னென்ன சொல் இப்படிப் புழக்கத்துல இருக்குன்னு விசாரிங்க. எது எதுக்குக் கேஸ் போட வழியிருக்குன்னும் பாருங்க. நமக்கு நாலாயிரம் பாக்கி இருக்கு."

சிறைப் பார்வையாளர் அறையில் ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் திர்ஸா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் ஊர்க்காரியே ஆன ஒரு சிறைக்காவல் பெண். பென்னிஃபோல்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அச்சு மை மணக்கும் தாளை நீட்டினார்.

"அம்மா, சந்தோஷமான செய்தி. உங்க சொல்லு பொழைச்சுடுச்சு!"

திர்ஸா தாளை வாங்கவில்லை. "ரயில்லதானே வந்தீங்க தம்பி?"

"ஆமாங்கம்மா."

"ஜன்னல்லேந்து எங்க மலை தெரிஞ்சிருக்குமே. கிழக்குச் சரிவு பச்சையாயிடுச்சா? மேல பாதி வரைக்கும் வந்திருந்தாலே போதும், குட்டிங்க தாங்கிடும். மேற்கால பண்ணாததுக்கு முப்பது ஆட்டை வித்தாச்சு."

பென்னிஃபோல்ட் தொப்பியைச் சுழற்றினார். "நான் ப்ரூஃப் பார்த்துக்கிட்டே வந்தேன்மா. வெளில பாக்கலை."

திர்ஸா ஊசியில் நூல் கோத்தார். வெகு நேரம் பிடித்தது. பென்னிஃபோல்ட் இருமினார். பையிலிருந்து ஒரு கட்டு வெற்றுச் சீட்டுகளை எடுத்து முழங்காலில் அடுக்கினார். பென்சிலைக் கூர் பார்த்தார்.

"அம்மா, நீங்க வீட்டுல, கொட்டில்ல, சந்தையில இப்படிப் புழங்கற வேற பழைய சொல் ஏதாவது...? உங்க பக்கத்து மனுஷங்களையும் கேக்கலாம்னு எங்க ஐயா சொன்னார்."

காவல் பெண் ஆர்வமாக முன்னால் நகர்ந்தாள். "எங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுவோம்..."

"அடியே, வாய மூடு" என்றார் திர்ஸா. "இவருகிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காத. ஒரு வார்த்தையக் காப்பாத்த இவங்களுக்குப் பதினாலு நாள் செயில் ஆகுது."