வலையில் காய்ந்த திரைச்சீலை

ஊருக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தகுதி உண்டு. துவைத்த திரைச்சீலையை எங்கே காயப்போடக் கூடாது என்பதில். (மற்ற விஷயங்களில் ஊர்தான் எனக்குச் சொல்லும்.)

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில், ரயில்வே யார்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. செசிலி அக்காவைப் பெண் பார்க்க அன்று சாயங்காலம் பெரம்பூரிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இந்த இடமாவது கூடி வரவேண்டுமே என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

உள்ளறை வாசலில் ஒரு நீலத் திரைச்சீலை தொங்கும். பெண் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அம்மா அதைத் துவைத்துப் பிழிந்து என் கையில் கொடுத்தாள்.

"கொல்லையில போடாத. இஞ்சின் கரி வந்து வுழும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். இருபது வயதில் எனக்குத் தெரியாத விஷயம் ஏது?

கடற்கரைக்குப் போனேன். மணலில் விரித்தால் மண் ஒட்டும். பக்கத்தில் ஒரு பெரிய வலை காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் விரித்தேன். காற்று தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று நாலு மூலையையும் வலைக் கண்களில் இழுத்துக் கட்டினேன். (அப்பேர்ப்பட்ட மூளை.) பிறகு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மணல் இருக்கிறது, வலை இல்லை. வலைக்காரர் சூசை அண்ணன் மட்டும் கரையில், கடலுக்குள் நீண்டுபோன வலைக் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இங்க இருந்த வலை எங்க?"

"மத்திக் கூட்டம் வந்துகினு கீதுன்னு பசங்க வாரிப் படகுல போட்டுகினு போய்ட்டானுங்கோ. இன்னாத்துக்கு கேக்குற?"

"அதுல எங்க வூட்டு ஸ்கிரீனைக் கட்டி வச்சிருந்தேன்."

அவர் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீலமா இன்னாமோ தெரிஞ்சிது. அவசரத்துல யாரு பாத்தா? சரி, அதுவும் மீன் புடிக்கப் போயிருக்குது. வா, வந்து கயித்தப் புடி."

இரண்டு மணி நேரம் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. வலை கரையேறியபோது, துள்ளும் மத்திகளுக்கு நடுவே எங்கள் திரைச்சீலை மகாராணி மாதிரி வந்து சேர்ந்தது. அவிழ்த்து எடுத்து ஓட்டமாய் ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் திரும்பும்போது நான் பின்வாசலில் நுழைந்தேன். அம்மா ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். திட்ட நேரமில்லை. ஈரம் சொட்டச் சொட்ட அதை மாட்டச் சொல்லிவிட்டுச் சாம்பிராணி போட ஓடினாள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததுமே மூக்கை உறிஞ்சினார்.

"மீன் கொழம்பா?"

"இல்லீங்க, சாம்பிராணி" என்றார் எங்கள் நைனா.

அக்கா காபித் தட்டோடு திரையை விலக்கினாள். அதன் கீழ்மடிப்பில் கொஞ்சம் தையல் விட்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மத்தி நழுவி மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அக்கா மீனைப் பார்த்தாள், உரிந்துபோன என் கையைப் பார்த்தாள், பிறகு தட்டிலிருந்த காபி தளும்பத் தளும்பச் சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரித்தால் சம்பந்தம் போச்சு என்பார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை குனிந்து மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார்.

"ஒண்ணுதானா? நாங்க அஞ்சு பேரு வந்துகீறோமே."

அன்றைக்கு யாரும் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லவில்லை. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

இன்றும் அக்கா வீட்டில் திரைச்சீலை துவைத்து மாட்டும் நாளில் நான் போய்விட்டால் தொலைந்தேன். மாமா எழுந்து வந்து, கீழ்மடிப்புக்குள் விரலைவிட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துழாவுவார். அப்புறம் ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்ப்பார்.

"இன்னா மச்சான், இன்னிக்கு ஒண்ணும் மாட்டலியா?"