துரைசாணி அம்மாளின் சீனி பிஸ்கோத்துச் சட்டம்

நீராவி வண்டியும் தந்தியும் சேர்ந்து சாதிக்காத ஒன்றை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, இலங்கை மலைநாட்டில் பெரகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி அம்மாள் சாதித்தார். தாயன்பை அவர் சட்டமாக்கினார்.

ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் சட்டம் வாசிக்கப்பட்டது. தோட்டப் பள்ளிக்கூட நத்தார் விருந்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும், தாய் தன் கையால் ‘வீட்டில் செய்த’ சீனி பிஸ்கோத்து ஆறு கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ஒரு கம்பளிச் சட்டை. கடைப் பிஸ்கோத்தில் அன்பு இல்லையாதலால் அது செல்லாது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கொழுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளைச் சரியாகக் கவனிப்பதில்லை என்பதை அம்மாள் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்.

துரை பங்களாவின் சமையற்கட்டான குசினியில் சமைக்கும் கணபதிக்கு இதைக் கேட்டு மெய்சிலிர்த்தது. குளிரும் இருந்தது. மூடுபனி இறங்கினால் மகள் ராசம்மாவுக்கு இருமல் பிடித்துவிடும். அந்தச் சட்டையை எப்படியும் வாங்கிவிட வேண்டும்.

தோட்டம் முழுவதற்கும் பிஸ்கோத்து சுடும் அடுப்பான போறணை ஒன்றுதான். அதுவும் பங்களாக் குசினியில், கணபதியின் பொறுப்பில் இருந்தது. அம்மாளின் நாற்பது பிஸ்கோத்தோடு தம்முடைய ஆறையும் ஓரமாக வைத்துச் சுடலாமா என்று அவர் பணிவாகக் கேட்டார். அம்மாள் அதைவிடக் கனிவாக மறுத்தார். பங்களாவில் சுட்டால் அது கணபதி வீட்டில் செய்ததாகாதே. அந்த நேர்மையை வியந்துகொண்டே கணபதி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு வந்து மனைவி இராக்கம்மாவிடம் சொன்னார்.

“நம்ம வீட்டுலதான் சுடணுமாம்.”

இராக்கம்மா சுற்றிலும் பார்த்தாள். பத்தடி அறை, மூன்று கல் அடுப்பு, பக்கத்துக் குடும்பத்தின் புகை.

“இது காம்பராங்க. வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு அந்தம்மாகிட்டயே கேட்டுட்டு வாங்க.”

கேட்டுவர அவருக்குத் துணிவில்லை. ஆகவே இராக்கம்மா கொழுந்துக்கறை படிந்த கையால், சட்டத்துக்கு உட்பட்டு, மாவு பிசைந்தாள். மூன்று கல் அடுப்பில் முதல் ஆறு கரியாயின. அடுத்த ஆறு கூழாயின. கடைசியில் அவளுடைய தம்பி அழகர் கைகொடுத்தான். தேயிலை ஆலையான இஸ்டோரில், இலை காயவைக்கும் யந்திரத்தில் அவனுக்கு வேலை. இரண்டு ஈடு இலைக்கு நடுவே ஒரு தட்டு பிஸ்கோத்தை உள்ளே தள்ளினான்.

“அக்கா, இதுக்குள்ள எதப் போட்டாலும் தேயிலையாத்தான் வெளிய வரும். அப்புறம் என்னைச் சொல்லாத.”

விருந்து நாள் வந்தது. இருபது பிள்ளைகள் வெறுங்கையோடு வந்ததால், ஒழுங்கு கருதி, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மேசை நடுவே அம்மாள் ‘தம் கையால்’ செய்த நாற்பது நட்சத்திரங்கள் இருந்தன. காலை முழுவதும் கணபதி பிசைந்து, வெட்டி, சுட்டிருந்தார். தட்டுக்குச் சிவப்பு நாடா கட்டியது அம்மாள்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

ராசம்மா தன் பொட்டலத்தை நீட்டினாள். அம்மாள் மோந்து பார்த்தார்.

“இது எங்கே சுட்டது?”

“இஸ்டோருலங்க.”

பொய் சொல்லக்கூடாது என்று அதே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆலையில் செய்தது வீட்டில் செய்ததாகாது என்று தீர்ப்பாயிற்று. சட்டை இல்லை. ஆனாலும் அம்மாள் இரக்கமுள்ளவர். வீட்டுப் பிஸ்கோத்து எப்படி இருக்கும் என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும் என்று, தம் தட்டிலிருந்து ஒரு நட்சத்திரம் எடுத்துக் கொடுத்தார்.

ராசம்மா கடித்தாள், மென்றாள், ஓரத்தில் நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

“இது நீங்க சுட்டதுதானேப்பா? எனக்கு ஒருநாளும் சுட்டுத் தந்ததில்லியே.”

வாத்தியார் அவசரமாகக் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். கணபதியும் தட்டினார், அதுவும் அவர் வேலையில் அடக்கம். மிகச்சிறந்த ‘வீட்டில் செய்த’ பிஸ்கோத்துக்கான முதற்பரிசு துரைசாணி அம்மாளுக்கே வழங்கப்பட்டது. இருபத்தொரு கம்பளிச் சட்டைகளும் மடிப்புக் கலையாமல் பங்களாவுக்குத் திரும்பின.

இருமிக்கொண்டே மகள் முன்னால் நடக்க, கணபதி அந்தத் தீர்ப்பை லயம்வரை யோசித்துக்கொண்டு போனார். அதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. வீட்டில் செய்ய வேண்டுமென்றால் முதலில் வீடு வேண்டும். அந்தத் தோட்டத்தில் அது ஒருவருக்குத்தான் இருந்தது.