வலுவில்லாத வாதங்களின் வக்கீலுக்கு

என் வக்கீலுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அங்கே நீங்கள் எப்படி என்று கேட்டால் பதில் வராது, அதனால் நன்றாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற உங்களை முதலில் வக்கீல் என்று கூப்பிட்டது நான்தான், பிறகு கட்டடத்துக்குக் கட்டடம் வாட்ச்மேன்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள், நீங்களும் கோர்ட் வாசலை மிதிக்காமலேயே அந்தப் பட்டத்தோடு போய்ச் சேர்ந்தீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

விஷயம் என்னவென்றால் நம் பாப்பா பரீட்சையில் பாஸாகிவிட்டாள். நீங்கள் இருந்தபோது அவள் ரெண்டு தடவை எழுதியும் தேறாமல் போன அதே அரசாங்க வேலைப் பரீட்சைதான். அதில் வாதங்களை எடை போடுவது என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் முழு மார்க். இதை நான் சலவைக்கடையில் யாரிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள். சட்டை வாங்க வந்த ஒருத்தர், "என் சட்டை ஆச்சாம்மா?" என்றார், முதலில் மார்க்கைச் சொல்லிவிட்டுத்தான் சட்டையைத் தேடினேன். அதற்குள் மேசையில் இருந்த தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. முதலாளியம்மா வந்து பார்த்தார். "உன் பொண்ணு பாஸானதுக்கு என் கடையை ஏம்மா கொளுத்துற?" என்றார். அவர் திட்டியதுகூட எனக்கு வாழ்த்து மாதிரிதான் கேட்டது.

அந்தக் கேள்விகள் எப்படி என்றால், முதலில் ஒரு யோசனை சொல்வார்கள், கீழே ரெண்டு வாதம், எது வலுவானது, எது வலுவில்லாதது, ரெண்டுமேவா, ரெண்டும் இல்லையா என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்து நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே விடை சொல்வாள். நான் ஒரு கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் காய் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளை மூட வேண்டுமா என்று ஒன்று வந்தது. ஒரு வாதம், ஆமாம், பக்கத்து நகரத்தில் மூடுகிறார்கள். இன்னொன்று, இல்லை, வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் சாமான் வாங்க முடியும். நான் யோசிக்கவே இல்லை, மூடணும், எனக்குக் கால் வலிக்கிறது என்றேன். "அம்மா, அங்க உன் கால் பத்தி ஒண்ணும் இல்ல" என்றாள். "கடையில நிக்கிறது யாரு கால்டி?" என்றேன். "பக்கத்து ஊர்ல செய்றாங்கங்கறது காரணமே இல்லம்மா. சொன்ன காரணம் முடிவைத் தாங்குதா, அத மட்டும் பாரு" என்றாள். ஒரு கேள்விக்குக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. பேனா மூடியால் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததைக் கேட்பாள். யாருக்கு யார் பாடம் நடத்துகிறோம் என்றே தெரியாது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது. இத்தனை வருஷம் நீங்கள் என்னை ஜெயித்ததெல்லாம் செல்லாத ஆட்டம். ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றால், "எங்கப்பா ஃபிரிட்ஜ் இல்லாமத்தானே எண்பது வயசு இருந்தாரு" என்பீர்கள். வலுவில்லாதது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றால், "இன்னிக்கு சுண்ணாம்பும்ப, நாளைக்கு மாடி கட்டும்ப, அப்புறம் அரண்மனை கேப்ப" என்பீர்கள். அதுவும் வலுவில்லாதது, அதற்குத் தனியாக ஒரு பாடமே இருக்கிறது. "நான் சொல்றேன்ல, வேணாம்னா வேணாம்" என்பீர்களே, பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள், அது வாதமே இல்லையாம், முடிவையே ரெண்டு தடவை சொல்வதாம். பயிற்சி வகுப்பு சார், அந்தப் பகுதியில் மட்டும் எப்படிம்மா ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்று கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கப்பா பேச்சைக் கேட்டு வளர்ந்தவ சார் நான். தப்பான விடையைப் பாத்ததும் சொந்தக்காரங்க மாதிரி தெரிஞ்சிடும்." வகுப்பே சிரித்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த மார்க்கில் பாதி உங்களுடையது.

ஒரு நாள் மட்டும் பாடம் பாதியில் நின்றது. ஒருத்தருக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்வது வலுவில்லாதது என்று அவள் விளக்கினாள். யாரோ ஒருவர் ரயிலில் பையைத் தொலைத்தார், அதனால் ரயிலே கூடாது என்கிற மாதிரி. நறுக்கிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. எனக்கும் அதே நினைப்புதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள், "பக்கத்து வீட்டு மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போனாரு, திரும்பியா வந்தாரு? நான் போகல." சொன்ன விதத்தில் எல்லாரும் சிரித்தோம். "அதுக்கு மட்டும் நாம பதில் சொல்லலியேம்மா" என்றாள். "அவரு பேச்சுக்கு யாருடி பதில் சொல்லி ஜெயிச்சா?" என்றேன். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

வேலை உத்தரவு வந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற ஊர். போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "நீ தனியா இருப்ப. அதனால நான் போகல." அவ்வளவுதான் அவள் வாதம். ஊரில் எத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள் என்றேன். "மத்தவங்க செய்றது காரணமில்லம்மா." உங்கப்பா இருந்தால் போகத்தான் சொல்வார் என்றேன். "பெரியவங்க சொன்னாங்கங்கறதும் காரணமில்ல." நான் சொல்கிறேன், போ என்றேன். அதற்குச் சிரித்தாள். படிக்க வைத்ததற்குக் கைமேல் பலன். கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நின்றாள். சலவைக்கடையில் நின்று யோசித்தேன். வாதத்தை உடைக்க முடியாவிட்டால் அது நிற்கிற காலை எடுத்துவிட வேண்டியதுதானே. நான் தனியாக இல்லை என்றால்? மேல் வீட்டு டெய்லரம்மா நம் வீட்டுக்கே குடிவந்துவிடுகிறார் என்று சொன்னேன். "அப்படின்னா என் வாதம் நிக்காதும்மா" என்றாள் பாப்பா. பெட்டியை எடுத்தாள்.

டெய்லரம்மா இப்போது நம்மோடுதான் இருக்கிறார், நீங்கள் கவலைப்படாதீர்கள். உங்கள் டூல்ஸ் பெட்டி இருந்த மூலையில் தையல் மெஷின். வீடெல்லாம் நூல். எனக்கு ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், அவருக்கு மெதுவாக, அதில் தினமும் சண்டை. பேச்சுத் துணைக்குக் குறைவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். பாப்பா அங்கே நாற்காலி மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், கழுத்தில் அவள் படம் போட்ட அட்டை தொங்குகிறதாம். உங்கள் மகள்.

எங்கே இருந்தாலும் உங்கள் ஆசி அவள் தலைமேல் இருக்கட்டும். என் வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் எல்லா வழக்கிலும் தோற்றவள்

பின்குறிப்பு: டெய்லரம்மா வரவில்லை. நான் அவரைக் கேட்கவே இல்லை, பாப்பா ரயில் ஏறுவதற்கு முன்பே அவர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார், மகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று பாப்பாவிடம் சொல்லிவைத்தேன், மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்தப் பொய் நிற்குமா என்று உங்களிடம் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். ஃபேன் எந்த வேகத்தில் சுற்றினாலும் கேட்க ஆளில்லை. பாப்பா போன் செய்யும்போதெல்லாம் "டெய்லரம்மாகிட்ட குடு" என்கிறாள், நானும் குளிக்கிறார் என்கிறேன். "எப்பப் பாத்தாலும் தண்ணியில இருக்க அவங்க என்ன மீனா?" என்று கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணி எடுத்துக்கொண்டு வருகிறாளாம், அவரிடம் அளவு கொடுக்க வேண்டுமாம். விஷயம் தெரிந்தால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருப்பீர்களே. அவள் உள்ளே வந்து அந்த மூலையைப் பார்த்து, "மெஷின் எங்கம்மா?" என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?