ஐந்நூறு நாற்காலிக்கு வாடகை வாங்க மறுத்த கதை

குடவாசல்

சிங்கப்பூரிலிருக்கும் மாப்பிள்ளை அண்ணாதுரை அவர்களுக்கு மச்சான் இளையபெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீங்களும் தங்கை நீலாம்பாளும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

"நம்ம செம்மொழி மறுபடியும் எலெக்சன்ல நிக்குதாமே, செலவுக் கணக்கை நீங்கதானே பாக்குறீங்க?" என்று போனில் கேட்டீர்கள். பஸ்ஸில் இருந்ததால் சொல்லவில்லை. விட்டுவிட்டேன், மாப்பிள்ளை. போன தேர்தலில் நம் தெருவில் முந்நூறு வீடு ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துத்தான் அவளை எம்.எல்.ஏ. ஆக்கியது, கணக்கு எழுதிய நான் டீக்கெல்லாம் ரசீது கேட்டு டீக்கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன். இந்தத் தடவை கூட்டத்துக்குச் சொல்லியிருந்த ஐந்நூறு நாற்காலிக்கு வாடகை கொடுக்கப் பந்தல் கடை ஜாஃபர் சாதிக்கிடம் போனால், "வந்துருச்சுங்க" என்கிறார். "யாரு குடுத்தா?" "ரோடு காண்ட்ராக்டர் ராஜராஜன்." "பில்லு?" "வேண்டாம்னுட்டாருங்க." அச்சகத்துக்குப் போனேன், அங்கேயும் வந்துவிட்டதாம், மைக்செட்காரரிடமும் அப்படியே. மடியில் வசூலான கொஞ்சப் பணத்தைக் கட்டிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் கடை கடையாக ஏறி, வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிய மனுசன் டெல்டாவிலேயே நான் ஒருத்தன்தான்.

நேரே செம்மொழியிடம் போனேன். "நான் கேக்கல மாமா, அவராத்தான் குடுக்குறாரு" என்றாள். "அப்ப அவர் பேரைப் போட்டு எழுதுறேன்." "எழுத வேண்டாங்குறாரே." நான் சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடாமல், "இந்தத் தடவை நம்ம தெருவுல எத்தனை வீடு குடுத்துச்சு மாமா?" என்றாள். பதினொன்று. மற்றவர்கள், "எம்.எல்.ஏ.வுக்கே நாங்க குடுக்கணுமா?" என்று சிரித்ததை நானும் கேட்டுக்கொண்டுதானே வந்தேன்? நாம் கையை இழுத்துக்கொண்ட இடத்தில்தான் ராஜராஜன் கையை நீட்டியிருக்கிறார். அது புரிந்தும், எழுதாத செலவுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. நோட்டை அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. நன்றாகப் படித்து, தேர்தலைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயிக்கட்டும்.

உங்கள் மச்சான்,
இளையபெருமாள்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ராஜராஜன் பணத்தைச் செம்மொழி திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். நோட்டோடு வீட்டுக்கே வந்து, "நாற்காலி வேண்டாம்னு சொல்லிட்டேன், நின்னுக்கிட்டே பேசுவோம், வாங்க மாமா" என்றாள். போனேன். இருநூறு பேர்தான் வந்தார்கள், அவ்வளவு பேரும் நின்றார்கள். இட்லிக்கடை ஜன்னத் பீவி மட்டும் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதையும் கணக்கில் காட்ட வேண்டுமே என்று, "வாடகை எவ்வளவும்மா போடட்டும்?" என்று கேட்டேன்.

"பத்து ரூவான்னு போடு. எம் பேரைத் தெளிவா எழுது. நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி வரலேன்னா, நானும் அவளுக்குச் செலவு பண்ணவதான்னு போயி நிக்கணும்ல?"