சண்டையில்லாத அமெரிக்கா

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர் எங்கள் தாமுவே தெருவின் மெமரிகார்டு அண்ணன். யாங்கூனில் எங்கு வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

அவருக்குக் கைப்பேசிக் கடை. இணையம் நொண்டுகிற ஊரில் படம், பாட்டு, சீரியல் எல்லாவற்றையும் இறக்கி மெமரிகார்டில் ஏற்றித் தருவார். ஆனால் தான் முழுதாகப் பார்க்காத எதையும் கொடுக்க மாட்டார். கல்யாணத்துக்குப் பாட்டு கேட்டவர்களுக்கு வளைகாப்புக்குத்தான் கிடைத்தது என்று தெருவில் பேச்சு.

அமெரிக்கத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் டியூஷன் ஒன்றில் அமெரிக்க வரலாறு நடத்த ஆள் கேட்டார்கள். மகள் பிறந்தபின் நான் தேடிப்போன முதல் வேலை. ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. எனக்குக் கோர்வையாகப் பேச வராது, வீடியோக்கள் பேசட்டும் என்று முடிவு செய்தேன். இந்தத் தளத்தை நம்பலாமா, அது ஒருதலைப்பட்சமா என்று மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டு, கடைசியில் ஓர் அருங்காட்சியகத்தின் தளத்தையும் ஒரு நூலகத்தின் தளத்தையும் பிடித்து அண்ணனிடம் இறக்கச் சொன்னேன்.

மறுநாள் போனால் மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். டீச்சர்களை இங்கே சயாமா என்போம். எனக்கு வேலை கிடைக்கும் முன்பே அவர் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

“சயாமா, டீயைக் கடல்ல கொட்டிட்டானுங்க!”

“ஆமாண்ணே. வரி போட்டாங்கன்னு கோபம்.”

“பால் டீயா, வெறும் டீயா?”

“வெறும் இலைதாண்ணே.”

“வெறும் டீக்கா இந்த ஆட்டம்? நம்ம ஊரு டீக்கடையில மேசைக்கு மேசை அதை ஓசியிலேயே வச்சிருக்கான்!” என்றபடி கார்டை நீட்டினார். “எல்லாம் பாத்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க.”

நான் கண்ணை மூடுகிற ஆளில்லை. வீட்டில் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் சரிபார்த்தேன். மீதியைப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

வகுப்பில், கடைசி பெஞ்சில் உரிமையாளர் டோ மியா உட்கார்ந்திருந்தார். திரையில் டீப்பெட்டிகள் கடலில் விழுந்தன. படைகள் எதிரெதிரே நின்றன. துப்பாக்கிகள் உயர்ந்தன. அடுத்த நொடி எல்லோரும் கொடியேற்றிக் கொண்டாடினார்கள்.

“சயாமா, சுட்டாங்களா இல்லையா?” என்றான் ஒருவன்.

பதறி, உள்நாட்டுப் போரைப் போட்டேன். வடக்கும் தெற்கும் முறைத்தன, உடனே கைகுலுக்கின.

“ராசியாயிட்டாங்களே! அப்ப எதுக்கு இந்தப் பாடம்?”

வராந்தாவுக்கு ஓடி போன் போட்டேன். “அண்ணே, சண்டையெல்லாம் எங்கே?”

“வெட்டிட்டேம்மா. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சண்டைப்படம் குடுப்பேனா?”

“இது வரலாறுண்ணே!”

“எதுவா இருந்தா என்னம்மா, பாப்பா பயந்துக்குமே!”

வேறு வழியில்லை. உள்ளே வந்து லேப்டாப்பை மூடினேன். முன்வரிசையை மன்னர் படையாக்கினேன், பின்வரிசையைக் குடியேறிகளாக்கினேன். டஸ்டர் பீரங்கியானது. நேரம் முடிந்துவிட்டது என்று டோ மியா எழுந்தபோதும் நான் சுட்டுக்கொண்டிருந்தேன்.

“திங்கள்கிழமை வந்திடுங்க” என்றார். “அந்த வீடியோ மட்டும் வேண்டாம்.”

அண்ணன் இப்போது மகனோடு மண்டலேக்குப் போய்விட்டார். வீடியோக்களை நானே இறக்கிக்கொள்கிறேன், எல்லாம் முழுசு. வீட்டில் பார்க்கும்போது, படைகள் எதிரெதிரே வந்து நின்றதும் என் ஒரு கை நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. இன்னொரு கை, மடியிலிருக்கும் பாப்பாவின் கண்ணைப் பொத்துகிறது.