சுருக்கமில்லாத கட்டில்

கட்டில் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. விரிப்பில் மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் கிடையாது. நான்கு மூலை மடிப்பும் இஸ்திரி போட்டதுபோல் நின்றன. தலையணை உறையின் திறந்த வாய், பாடத்தில் சொன்னபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதில் படுக்க வேண்டிய நோயாளியைக் காணவில்லை.

நானேஸ்வரி கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். ஒரு ஜோடி செருப்பு மட்டும் இருந்தது.

நானேஸ்வரி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, வகுப்பு வைத்தது. யார் எதற்குக் கைகொடுக்க வந்தாலும் "நானே பாத்துக்கறேன்" என்பாள். ஆக்சிஜன் சிலிண்டரா? "நானே உருட்டிக்கறேன்." மருந்து வண்டியா? "நானே தள்ளிக்கறேன்." இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நோயாளியை "நானே தூக்கிக்கறேன்" என்று தூக்கப் போய், நோயாளியும் அவளும் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்த சம்பவமும் உண்டு.

செவிலியர் படிப்பில் மற்ற எல்லாவற்றிலும் அவள்தான் முதல். வார்டு பயிற்சித் தேர்வில் மட்டும் போன தடவை கோட்டை விட்டாள். "கை சுத்தம், வேலை சுத்தம். ஆனா கூட நாலு பேர் இருக்காங்கன்னே இந்தப் பொண்ணுக்குத் தெரியல" என்று சொல்லி பெயில் போட்டுவிட்டார் பயிற்சி மேடம். இன்று மறுதேர்வு. இதிலும் போனால் ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்குவதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

தேர்வுக்கு அவளுக்குக் கிடைத்த நோயாளி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தார். எழுந்து நடமாடலாம், சாப்பிடலாம், ஒரே ஒரு பிரச்சினைதான். காலையில் அதை விசாரித்தபோது அவர் கைவிரித்தார்.

"எங்கம்மா! டிக்கெட் குடுத்தாச்சு, விசிலும் ஊதியாச்சு. வண்டிதான் கிளம்ப மாட்டேங்குது."

"இன்னிக்கும் போகலைன்னா எனிமா குடுக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்."

"ஐயையோ, ரிவர்ஸ்ல தள்ளப் போறீங்களா?"

அதன்பிறகுதான் அவள் கட்டிலை விரித்தாள். அவளுடைய குழுவில் இருந்த நெட்டையும் புஸ்தகமும் வந்தார்கள். நெட்டை, கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரமுள்ள பையன். புஸ்தகம், தும்மல் வந்தால்கூட அது எந்தப் பாடத்தில் வருகிறது என்று சொல்லக்கூடிய பெண்.

"அந்தப் பக்கம் நான் பிடிக்கட்டுமா?" என்றான் நெட்டை.

"வேண்டாம், நானே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டில் முடிந்ததும் கண்டக்டர் ஆசையோடு ஏறப் போனார். நானேஸ்வரி பதறிப்போய் மறித்தாள்.

"ஐயா, ஐயா! மேடம் பாத்துட்டுப் போற வரைக்கும் வராந்தா நாற்காலில உக்காருங்க. படுத்தா விரிப்பு கசங்கிடும்."

"ஏம்மா, கட்டில் எனக்கா, விரிப்புக்கா?" என்று முனகியபடி அவர் போனார். போனவர் போனவர்தான். இப்போது நாற்காலி இருந்தது, அவர் இல்லை.

முதலில் கழிவறைக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து வேறு ஒருவர் வேண்டாத வார்த்தை சொன்னார். படிக்கட்டு, குடிநீர்க் குழாயடி, எக்ஸ்ரே வரிசை என்று ஓடினாள். எக்ஸ்ரே வரிசையில் அதே வழுக்கை, அதே நீலச் சட்டை. பின்னாலிருந்து கையைப் பிடித்து, "வாங்க ஐயா, என் மானத்த வாங்காதீங்க" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அவரும் ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வந்தார். பாதி வழியில் ஒரு பெண் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஏய், எங்க மாமனார எங்க கூட்டிட்டுப் போற?"

திரும்பிப் பார்த்தால், அது யாரோ. அந்த மாமனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காதாம். அவர் நானேஸ்வரியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார், மருமகள் சிரிக்கவில்லை.

மூச்சு வாங்க வார்டுக்குத் திரும்பியவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்துக் கட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கடியிலிருந்து மெதுவாகத் தலையணைகளை உருவி, கண்டக்டர் கட்டிலில் நீளவாக்கில் அடுக்கி, போர்வையால் மூடினாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் படுத்திருப்பதுபோலவே இருந்தது. கிட்டத்தில் பார்த்தாலும் பரவாயில்லை என்று அவள் நிமிர்ந்தபோது, "என் தலகாணி எங்கடா?" என்று இடதுபக்கம் ஒரு குரல் எழுந்தது. "என்னுதும் போச்சு! ஆஸ்பத்திரியிலயே திருடனா?" என்று வலதுபக்கம் இன்னொன்று. வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு தலையணையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

வார்டின் மறுகோடியில் மருந்து வண்டியில் சாய்ந்தபடி நெட்டையும் புஸ்தகமும் நின்றிருந்தார்கள். வேலை இல்லாதவர்கள்போல் நின்றாலும் கண் இவள்மேல்தான் இருந்தது. அவர்கள் எதிரில் போய் நின்றாள்.

"ஹெ... கொஞ்சம்... ஹெல்ப்..."

புஸ்தகத்தின் முகம் பல்பு போட்டதுபோல் ஆயிற்று. "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

"கண்டக்டரக் காணோம். எவ்வளவு தேடியும் கிடைக்கல. என்னால முடியல. ஹெல்ப் பண்ணுங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"இவ்வளவுதானே!" என்றான் நெட்டை. "இங்கயே இரு. இதோ கொண்டாறேன்."

அவன் அங்கே இங்கே பார்க்கவேயில்லை. நேராக வராந்தாக் கோடிக்கு நடந்தான். போன வேகத்தில் திரும்பியும் வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"கதவு..." என்றான் புஸ்தகத்திடம்.

"கதவா?" புஸ்தகத்துக்கும் முகம் வெளுத்தது.

"என்ன கதவு?" என்றாள் நானேஸ்வரி.

"ஒண்ணுமில்ல. அங்க இல்ல அவரு."

அப்போது படிக்கட்டில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு வார்டில் குளுக்கோஸ்கூட நிதானமாகச் சொட்டும் என்பார்கள்.

"நெட்டை, கட்டில்ல படு!" என்றாள் புஸ்தகம்.

"நானா? அவரு அஞ்சடிகூட இல்ல. நான் ஆறடிக்கு மேல."

"மடங்கிக்கோ. எல்லாம் நம்ம வெனைதான்."

நெட்டை மறுபேச்சுப் பேசாமல் போர்வைக்குள் புகுந்தான். இவன் ஏன் இவ்வளவு சுலபத்தில் சம்மதித்தான் என்று யோசிக்க நானேஸ்வரிக்கு நேரமில்லை. அவள் உருவாக்கிய சுருக்கமில்லாத விரிப்பு அவன் உடம்புக்கடியில் நொறுங்கிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மேடம் வந்தார். கட்டிலைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார்.

"ஏன் முகத்த மூடியிருக்கார்?"

"குளிருதாம் மேடம்" என்றாள் புஸ்தகம்.

"குளிருதா? காய்ச்சலா இருக்கப் போகுது. நாடி பாரு."

நானேஸ்வரி போர்வைக்குள் கைவிட்டுப் பிடித்துப் பார்த்தாள். நெட்டையின் நாடி தண்டவாளத்தில் ரயில் போவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடையதும் அப்படித்தான்.

"கொஞ்சம்... வேகமா இருக்கு மேடம்."

"காலு ஏன் மடக்கி வெச்சிருக்கார்?"

"வயிறு... வயிறு ஒரு மாதிரி இருக்காம்."

"இன்னும் போகலையா?"

மூவரில் யாராவது 'போயிடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத புஸ்தகம், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பார்த்து உண்மையைச் சொன்னாள். "இல்ல மேடம்."

"அப்ப எனிமா குடுத்துட வேண்டியதுதான். டாக்டர்தான் எழுதியிருக்காரே. உன் தேர்வும் முடிஞ்ச மாதிரி ஆச்சு. நீயே செய், நான் நின்னு பாக்கறேன்."

கட்டில் லேசாக ஆடியது.

வாழ்நாளில் முதல்முறையாக நானேஸ்வரி, "நானேவா?" என்று கேட்டாள்.

புஸ்தகம் சாமான்களைக் கொண்டுவந்தாள். திரை இழுத்து மறைத்தார்கள். நானேஸ்வரி கையுறை மாட்டினாள், குழாயை எடுத்தாள். போர்வைக்குள் நெட்டை காட்டிக்கொடுக்கவும் இல்லை, எழுந்து ஓடவும் இல்லை, அப்படியே கிடந்தான். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தில் தெரிந்தன. 'எனக்காகவா?' என்று நினைத்தாள். எத்தனை தடவை இவனிடம் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாள்!

குழாயைத் தட்டில் வைத்தாள்.

"மேடம், இது கண்டக்டர் இல்ல, நெட்டை. கண்டக்டரக் காணோம். விரிப்பு கசங்கிடும்னு நான்தான் அவர வெளிய அனுப்பினேன். தப்பு மொத்தமும் என்னுது. நான் கேட்டேன்னுதான் இவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. எனக்கு பெயில் போடுங்க, இவங்கள விட்டுடுங்க."

"இல்ல மேடம், எங்க மேலயும் தப்பிருக்கு" என்று நெட்டை போர்வையை விலக்கி எழுந்தான்.

"எழுந்துட்டியா? நல்லது" என்றார் மேடம். "நான் வரும்போதே போர்வைக்கு வெளிய நம்ம காலேஜ் ஷூ எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதுவரைக்கும் போறீங்கன்னுதான் பாத்தேன். சரி, அந்த மனுஷன் எங்க?"

பதில் சொல்லும் அவசியம் வரவில்லை. வராந்தாக் கோடியிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

"வழி விடுங்க! எல்லாரும் வழி விடுங்க! வண்டி கிளம்பிடுச்சு!"

கண்டக்டர் வயிற்றைப் பிடித்தபடி அவர்களைத் தாண்டி ஓடினார். அவர் மேல் பாச்சை உருண்டை வாசனை கமகமவென்று அடித்தது. கழிவறைக் கதவு சாத்தப்பட்டது. சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து, "ரைட்... ரைட்!" என்று நிம்மதியான குரல் வந்தது. வார்டு முழுக்கச் சிரித்தது. தலையணை பறிகொடுத்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பயிற்சி மாணவர்கள் டீ அறையில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். வழக்கமாக நானேஸ்வரி பாடத்திலிருந்து நாலு வரி ஒப்பிப்பாள். இன்று டீ ஆறிக்கொண்டிருக்க, கையைப் பிசைந்தாள்.

"கட்டில் விரிப்புக்கு இல்ல, மனுஷனுக்குன்னு கத்துக்கிட்டேன் மேடம். அப்புறம்... ஹெல்ப் கேட்டா மானம் போயிடும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் கேட்டேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன். இவன் எனிமாவுக்கே படுத்துட்டான். இத்தன நாளா இவங்கள நான் பாக்கவே இல்ல. வெக்கமா இருக்கு."

புஸ்தகம் தன் டீ டம்ளருக்குள் எதையோ உற்றுப் பார்த்தாள். நெட்டை கூரையைப் பார்த்தான்.

மேடம் தொண்டையைச் செருமினார். "நோயாளிய கட்டில விட்டு எழுப்பினதுக்கு தண்டனை உண்டு. நாளைக்கு இந்த வார்டுல இருக்கற அத்தன கட்டிலையும், ஆள் படுத்திருக்கறப்பவே, விரிப்பு மாத்தணும்."

"சரி மேடம். நானே... " என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாங்க மூணு பேரும் பண்றோம்."

"அப்ப பாஸ்" என்று மேடம் எழுந்து போய்விட்டார்.

நானேஸ்வரி இருந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெட்டை தோளில் தட்டினான், புஸ்தகம் கைக்குட்டை நீட்டினாள். அழுகைக்கு நடுவே அவள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "அவரு மட்டும் இன்னிக்குக் காணாம போகலைன்னா, நான் மறுபடியும் பெயில்தான்" என்றாள்.

அப்போது சாவிக்கொத்து குலுங்க, வார்டு ஆயாம்மா கதவருகே வந்து நின்றாள். சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நெட்டையையும் புஸ்தகத்தையும் பார்த்தாள்.

"என்ன மன்னிச்சுக்கோங்க கண்ணுங்களா. இந்தப் பொண்ணு வாயத் திறந்து ஹெல்ப் கேக்கற வரைக்கும் கண்டக்டரு வராந்தாக் கோடியில இருக்கற துணி ரூம்ல இருக்கட்டும்னு நீங்க சொன்னீங்க, இவ இந்த ஜென்மத்துல கேக்கமாட்டான்னு நினைச்சுத்தான் நான் பூட்டிட்டு சாப்பிடப் போயிட்டேன்!"